படிக்கட்டு இல்லாத ஆறு மாடி

படிக்கட்டைக் காணவில்லை.

லிதியா தார்க்கி அந்தக் கட்டட மாடலை இன்னொரு தரம் சுற்றி வந்து பார்த்தாள். ஆறு மாடியும் இருந்தன. கீழ்த்தளத்தில் விழா மண்டபம் இருந்தது. நூற்றுச் சொச்சம் ஜன்னல்கள் இருந்தன. மொட்டை மாடியில் வீட்டுக்காரம்மா குடியிருக்கப்போகும் தனி வீடு இருந்தது. வாசலில் அரிசி அளவுக்கு ஒரு நாய்கூட உட்கார்ந்திருந்தது. கீழேயிருந்து மேலே போக மட்டும் வழியில்லை.

அட்டையையும் பிசினையும் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மாரடித்தவள் அவள். விரல் நுனியெல்லாம் கத்திக் கீறல். அத்தனை நாளும் கண்ணில் படாத குறை, மலைமேல் எல் ஆல்தோவில் தோன்யா சதுர்னீனாவின் ஜவுளிக்கடை மேஜையில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பல்லைக் காட்டியது.

தோன்யா சதுர்னீனா கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பெட்டியிலிருந்து புதுச் சால்வையை எடுத்திருந்தாள். பாவாடையில் மடிப்புக்கு மேல் மடிப்பு. கடைவீதியில் பாதி அவளிடம் துணி வாங்குகிறவர்கள், மீதிப் பாதி அவளுக்குப் பயந்தவர்கள்.

"தோன்யா, இந்த மாடலைக் கொஞ்சம் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடறேனே."

"நாளைக்கா? அடி பொண்ணே, இன்னைக்கு என்ன நாள்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

தெரியாமல் என்ன? லா பாஸில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும், ஜனவரி இருபத்திநாலு அலசிட்டா திருவிழா என்று. வேண்டியதைக் குட்டியாக வாங்கி, உச்சிப்பொழுதில் மந்திரித்துக்கொண்டால், எகேகோ என்கிற மீசைக்காரக் குட்டிச்சாமி வருஷம் முடிவதற்குள் நிஜத்தைக் கொண்டுவந்து தருவான். விரல் அளவு கார், நகம் அளவு சிமென்ட் மூட்டை, உள்ளங்கையில் அடங்குகிற கைக்குழந்தை, எல்லாம் சந்தையில் கிடைக்கும். லிதியாவின் அம்மா அன்று காலையிலேயே பெண்ணின் பெயர் போட்ட குட்டி டிகிரிச் சான்றிதழோடு வரிசையில் நின்றிருந்தாள். கார்னிவலுக்குள் லிதியாவின் கட்டடக்கலைப் பயிற்சி முடிந்ததாக அவளுடைய முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அந்தக் குட்டி டிகிரி பெரிசாகும். போடாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் சம்பளமில்லாத கொத்தடிமை.

"போன வருஷம் சந்தையில தகர லாரி ஒண்ணு வாங்கி வச்சேன்," என்றாள் தோன்யா. "கலர் சொல்லாம விட்டுட்டேன். பச்சையில குடுத்துட்டான். எனக்குப் பச்சை ஆகவே ஆகாது. அதான் இந்தத் தடவை அர்க்கிகிட்ட சொல்லி, அளவெடுத்து, ஜன்னல் முதக்கொண்டு வச்சு மாடல் பண்ணச் சொன்னேன். சாமிகிட்ட கேக்கறதைத் தெளிவா கேக்கணும். தூக்கு."

இந்த ஊரில் பெரிய மனுஷி எல்லோரும் 'தோன்யா', பெரிய மனுஷன் எல்லோரும் 'தோன்', கட்டடம் வரைகிறவர் எல்லோருமே 'அர்க்கி'தான். லிதியாவைச் 'சின்ன அர்க்கி' என்பாள் தோன்யா. மரியாதைதான். ஆனால் தூக்கச் சொல்கிற நேரத்தில்தான் அது வரும்.

சின்ன அர்க்கி தூக்கினாள்.

மாதா கோயில் பக்கத்துத் திடலில் யாத்திரிகள் வரிசையாகத் தணல் சட்டி வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மந்திரிக்கிற பெரியவர்களுக்கு இங்கே அதுதான் பெயர். தோன்யாவுடைய யாத்திரி தோன் செவேரோ. கூட்டம் நெருக்கியது. குறை சாமி கண்ணில் படாதபடி லிதியா மாடலைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். தோன்யா அதை இழுத்து நேராக்கினாள். சாம்பிராணிப் புகை எழுந்தது. மணி அடித்தது. தோன் செவேரோ ஒயினை ஊற்றினார், சாராயத்தைத் தெளித்தார், பூவிதழைத் தூவினார், ஆறு மாடிக்கும் ஆறு தரம் புகை காட்டினார்.

"எல்லாம் இருக்கா? விட்டுப்போனது ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்கு, ஐயா," என்றாள் தோன்யா.

லிதியா வாயைத் திறந்தாள். வாய்க்குள் புகைதான் போனது.

திரும்பி வரும் வழியில், "தோன்யா, ஒரே ஒரு சின்னத் திருத்தம்..." என்று ஆரம்பித்தாள்.

தோன்யா நடுவீதியில் நின்றுவிட்டாள். "எகேகோ பாத்தது இது. பாத்ததைத்தான் குடுப்பான். நடுவுல நீ கைய வச்சேன்னு வையி, 'கேட்டது ஒண்ணு, கட்டறது ஒண்ணா'ன்னு கோவிச்சுக்குவான். குடுத்த லாரியையும் சேத்து எடுத்துட்டுப் போயிடுவான். இதுல ஒரு துரும்பு மாறக் கூடாது, சொல்லிட்டேன்."

*

கேபிள் காரில் கீழே இறங்கும்போது லிதியாவுக்கு அழுகை வந்தது. எதிரே ஒரு அம்மா மடியில் குட்டி விமானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

ஆபீஸ் சொபொகாச்சிப் பகுதியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. அர்க்கி வருவதற்குள் அவசரமாக வரைபடத்தை விரித்தாள். ஒவ்வொரு தளமாக விரலை ஓட்டினாள். ஆறு தளத்திலும் படிக்கட்டு இல்லை. நடுவில் மட்டும் கீழிருந்து மேல்வரை கிணறு மாதிரி ஒரு சதுர இடம் வெறுமனே போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் இது அவள் விட்ட பிழையல்ல. வரைபடத்தில் இருந்ததைத்தான் செய்திருக்கிறாள். தப்பு தன்னுடையதில்லை என்று தெரிந்ததும் வந்த சந்தோஷம், அது யாருடையது என்று தெரிந்ததும் போய்விட்டது.

அர்க்கிதெக்தோ ஹெர்னான் அர்சாபே வெயிலிலும் கறுப்புக் கம்பளிதான் போடுவார். கழுத்தில் மப்ளர், மூக்கு நுனியில் வட்டக் கண்ணாடி. பென்சிலைக் கையில் வைத்திருப்பார், வரைய மாட்டார். "கோடு போடறது கை, கட்டடம் பண்றது மனசு," என்பார். மனசு அவரிடமும் கைகள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடமும் இருந்தன. வருஷா வருஷம் புதுக் கைகள் வரும்.

"அர்க்கி, தோன்யா சதுர்னீனா கட்டடத்துல படிக்கட்டு இல்ல."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் ஒரு வரைபடத்தை அவ்வளவு நேரம் பார்த்து லிதியா கண்டதில்லை.

"நீ வரைபடத்தைப் படிக்கறே, லிதியா. உணர மாட்டேங்கறே."

"உணர்ந்தாலும் மேல போக முடியாதே, அர்க்கி."

"படிக்கட்டுங்கறது ஒரு கருத்து. அது இதுல மறைஞ்சு நிக்குது."

"எங்க?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி."

"நடுவுல இந்தக் கிணறு சும்மாதானே இருக்கு? அதுல வச்சுட்டா..."

அர்க்கி மப்ளரைப் பிடித்துக்கொண்டார். "அது மௌனம்! அந்த வெற்றிடம்தான் கட்டடத்தோட ஆத்மா. மௌனத்துல கொண்டுபோய் யாராவது படிக்கட்டை வைப்பாங்களா?"

அப்புறம் அவள் அலசிட்டா கதையைச் சொன்னாள். மந்திரித்தாகிவிட்டது, துரும்பும் மாறக் கூடாதாம். அர்க்கியின் முகம் வெளுத்தது. இந்த வருஷத்தின் ஒரே பெரிய வேலை தோன்யாதான்.

"வாடிக்கையாளர் மனசும் கோணக் கூடாது. படிக்கட்டும் வரணும். எப்படியோ பண்ணு."

"அர்க்கி, என் கையெழுத்து? கார்னிவலுக்கு முன்னாடி காலேஜ்ல குடுக்கணும்..."

"கையெழுத்துங்கறது சாதாரண விஷயமா? ஒரு மனுஷன் தன்னையே எழுதிக் குடுக்கறது. நான் வரைபடத்துலயே கையெழுத்துப் போடறதில்ல, அதெல்லாம் மிராஃப்ளோரஸ்ல இருக்கற என் நண்பன் பாத்துக்கறான். முதல்ல படிக்கட்டு. அப்புறம் கையெழுத்து."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரிதான்.

அன்று சாயங்காலம் லிதியா உட்கார்ந்து, இந்தப் பயிற்சியில் தான் கற்றுக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தாள். எந்தக் கடையில் கறி வைத்த சல்தேஞாவைக் கடித்தால் சாறு சட்டையில் ஒழுகாது என்று கற்றுக்கொண்டிருந்தாள். அர்க்கியின் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கற்றுக்கொண்டிருந்தாள். கொடுத்த கடனைக் கேட்டு வருகிறவரிடம் "அர்க்கி சைட்டுக்குப் போயிருக்கார்" என்று கண் சிமிட்டாமல் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் அம்மா ராத்திரி பகலாக ரொட்டி விற்றுப் படிக்கவைத்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது, அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. இப்போது எதிரில் விமானத்துக்காரம்மா இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

*

மறுநாள் நேரே தோன்யாவிடம் போய் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"தோன்யா, மாடல்ல படிக்கட்டு இல்ல. அப்படியே கட்டினா நீங்க ஆறாவது மாடிக்குப் போகவே முடியாது."

தோன்யா துணியை முழம் போட்டுக்கொண்டே கேட்டாள். "லாரி குடுத்தப்ப எனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரே வாரத்துல என் தங்கச்சி வீட்டுக்காரனுக்கு வேலை போச்சு. அவனுக்கு லாரி ஓட்டத் தெரியும். எகேகோ எப்படி அனுப்பினான் பாத்தியா? வீடு குடுக்கறவனுக்கு மேல ஏத்திவிடத் தெரியாதா? நீ சின்னப் பொண்ணு, கவலைப்படாதே."

இதற்கு மேல் என்ன பேசுவது? லிதியா தோன் செவேரோவைத் தேடிப் போனாள். அவர் வாயில் கோகா இலையை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா தோன்யா கேப்பாங்க. படிக்கட்டு வச்சுக்கலாம்னு சொல்லுங்க, போதும்."

"நான் சொல்லுவேன். 'அன்னைக்கு எல்லாம் இருக்கான்னு கேட்டீங்களே, படிக்கட்டு இல்லாதது உங்க கண்ணுக்குத் தெரியலையா'ன்னு அவ திருப்பிக் கேப்பா. அப்புறம் அடுத்த வருஷம் என் சட்டி முன்னாடி யாரு வருவா?"

"அப்ப எனக்கு வழியே இல்லையா, ஐயா?"

"உனக்கு ஒண்ணும் தோஷமில்ல. அந்த வீட்டு மேலதான் எவனோ ஒரு கண்ணு வச்சிருக்கான்னு தோணுது. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டார். அன்று மாலையே தோன்யாவிடம் போய், உன் வீட்டின் மேல் கண் விழுந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டார். தோன்யா உடனே மாடலை எடுத்து, தன் உயர்ந்த ரகத் தொப்பிகள் வைக்கிற கண்ணாடி அலமாரியில் எகேகோ பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போதாதென்று, பூதத்துக்குக் காவலும் போட்டாயிற்று.

லிதியாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து, அந்த மௌனக் கிணற்றின் அளவுக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு படிக்கட்டு செய்தாள். வளைந்து வளைந்து ஏறுகிற படிக்கட்டு, சின்னக் கைப்பிடியோடு. பயிற்சிக்கு வந்து அவள் தானாக யோசித்து வரைந்த ஒரே பொருள் அதுதான். அழகாக வந்திருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் துக்கமாக இருந்தது, யாருக்கும் காட்ட முடியாதே.

சந்தை நாளாகப் பார்த்துக் கடைக்குப் போனாள்.

"அஸ்திவாரத்துக்கு மாடல்ல ஒரு அளவு எடுக்கணும், தோன்யா."

"தொடாம எடு," என்று அலமாரியைத் திறந்துவிட்டாள் தோன்யா. அந்த நேரத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி மொத்தமாகப் பாவாடைத் துணி வாங்க உள்ளே நுழைந்தது. பேரம் பேசாவிட்டால் வாங்கிய மாதிரியே இருக்காது நம் பெண்களுக்கு. பேரம் சூடு பிடித்த நேரம் பார்த்து லிதியா மாடலின் கூரையைத் தூக்கினாள், படிக்கட்டைக் கிணற்றுக்குள் இறக்கினாள், இரண்டு சொட்டுப் பிசின் விட்டாள், கூரையை மூடினாள். எகேகோ வாயில் படைத்திருந்த சிகரெட்டோடு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மன்னிச்சுக்கோ சாமி, வேற வழியில்ல," என்றாள் மெல்ல.

தோன்யா என்றைக்காவது பார்த்தால், படிக்கட்டு முதலிலிருந்தே இருந்தது என்று சாதித்துவிடலாம். தோன்யாவுக்குத்தான் படிக்கட்டைப் பற்றி அக்கறையே இல்லையே. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். படிக்கட்டு இல்லை என்று தோன்யாவிடம் நேரில் போய்ச் சொன்னதே அவள்தான்.

*

மறுநாள் காலையில் போன் வந்தது. தோன்யா அழுதாள், சிரித்தாள், மூச்சு வாங்கினாள்.

"சின்ன அர்க்கி! ஓடி வா! எகேகோ படிக்கட்டு வச்சுட்டான்!"

கடைக்கு முன்னால் தெருவே திரண்டிருந்தது. மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அலமாரிக்கு மேல் காகிதத் தோரணம். யாரோ இரண்டு பேர் தாளம் போட ஆரம்பித்திருந்தார்கள்.

தோன்யா லிதியாவின் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினாள். "இந்தப் பொண்ணே சாட்சி! படிக்கட்டு இல்லன்னு எங்கிட்ட வந்து புலம்பினா. நான் என்ன சொன்னேன்? எகேகோ ஏத்திவிடுவான்னு சொன்னேனா இல்லையா? சாவி என் கழுத்தை விட்டு இறங்கல. நேத்து அளவெடுக்கத் திறந்ததும் நான்தான், இவ தொடாமதான் எடுத்தா. பூட்டின பூட்டு பூட்டினபடி இருக்கு. உள்ள படிக்கட்டு! அதுவும் கைப்பிடியோட! சொல்லுடி!"

"இல்லன்னு... சொன்னேன்தான்," என்றாள் லிதியா ஈனசுரத்தில்.

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

சரி, எந்தச் சாமி வைத்தால் என்ன, படிக்கட்டு வந்துவிட்டது, கையெழுத்தும் வந்துவிடும் என்று லிதியாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்ப இதையே வரைபடத்துல சேத்துடறேன், தோன்யா. எல்லாரும் இதுலயே ஏறலாம்."

"ஏறறதா?" தோன்யா நெஞ்சில் கை வைத்தாள். "சாமி தன் கையால வச்ச படியில செருப்புக் காலை வைக்கறதா? கல்யாணத்துக்கு வர்ற குடிகாரப் பசங்க எல்லாம் அதுல மிதிச்சு ஏறணுமா?"

"அப்ப ஜனங்க மேல எப்படிப் போவாங்க?"

"அதுக்கு நீ வேற படிக்கட்டு போடு."

"மாடல்ல இல்லாததை வைக்கலாமா?"

தோன்யா யோசித்தாள். "ஆமா, அதுவும் கூடாதில்ல," என்றாள் வருத்தமாக.

ஆக, படிக்கட்டு இருந்தது, ஏறக் கூடாது. வேறு படிக்கட்டு வைக்கலாம், வைக்கக் கூடாது. லிதியா ஜவுளி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

*

செய்தி கேட்டு அர்க்கியே நேரில் வந்துவிட்டார். எல் ஆல்தோவுக்கு ஏறி வருவது அவருக்குப் பரதேசம் போகிற மாதிரி. மப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்து மாடலுக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய மௌனத்துக்குள் ஒரு படிக்கட்டு வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருந்தது.

அவர் லிதியாவைத் திரும்பிப் பார்த்தார். லிதியா தரையைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

வாயைத் திறந்து திட்டப்போன நேரத்தில், டயர்க் கடைக்காரர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அர்க்கி, இதை வரைஞ்சது நீங்கதானா? எனக்கு ஏழு மாடி. இதே மாதிரி. படிக்கட்டு இல்லாம."

"எனக்கும்," என்றாள் கோழி வியாபாரி அம்மா ஒருத்தி. "இல்லாம வரைஞ்சு குடுங்க. மிச்சத்தை சாமி பாத்துக்கும்."

அர்க்கியின் வாய் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மப்ளரை இறக்கினார்.

"என் கட்டடங்கள்ல," என்றார் கம்பீரமாக, "படிக்கட்டு தானா வரும். அதுக்குன்னுதான் நான் ஒரு வெற்றிடம் விடறது வழக்கம்."

அன்று மட்டும் நான்கு கட்டடம் பேசி முடித்தார். தோன்யாவின் சிக்கலையும் தோன் செவேரோ தீர்த்துவைத்தார். பெரிய கூட்டமாயிருந்ததால் அவருக்கும் உற்சாகம். முதல் படியில் ஒரு சொட்டுச் சாராயம் சாமிக்கு ஊற்றிவிட்டு, ஒரு வாய் தானும் குடித்துவிட்டு ஏறினால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு மாடியிலும் அப்படியே செய்ய வேண்டும். ஆறாவது மாடிக்குப் போகிறவர்கள் எந்த நிலையில் போய்ச் சேருவார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. தெரு மொத்தமும் கைதட்டியது.

கேபிள் காரில் திரும்பும்போது லிதியா கேட்டாள். "படிக்கட்டு வந்தாச்சு, அர்க்கி. கையெழுத்து?"

அர்க்கி ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். "இப்ப நீ எப்படிப் போவே?"

"என்ன அர்க்கி சொல்றீங்க?"

"நாலு கட்டடம் வந்திருக்கு. நாலுலயும் படிக்கட்டு தானா வந்தாகணும். யாரு வைப்பா? அந்த வளைவு எனக்கு... அதாவது, உன் கைக்குத்தான் வரும். இன்னும் ஒரு வருஷம் இரு. நிறைய கத்துக்கலாம்."

லிதியாவுக்குள் ஏதோ அறுந்தது. அத்தனை நாள் போட்ட காபி, சாறு ஒழுகாத சல்தேஞா, வாங்கின வெட்டுக்காயம் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்தது.

"அர்க்கி, நாளைக்குக் காலையில கையெழுத்து வரலேன்னா, நான் தோன்யா கடை வாசல்ல நின்னு உண்மையைச் சொல்லிடுவேன். படிக்கட்டு வச்சது நான்னு சொல்லுவேன். நீங்க வரைஞ்சதுல படிக்கட்டே இல்லன்னும் சொல்லுவேன்."

"நீயா பேசறே, லிதியா? உன்னைப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேனே!"

"பிள்ளைன்னா சோறாவது போட்டிருப்பீங்க."

பக்கத்தில் இருந்த பெரியவர் சத்தம் வராமல் சிரித்தார். அர்க்கி மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தால் கல்லுக்கும் இரக்கம் வரும். மூடியைத் திறந்தார், மூடினார். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பழகிப் பார்த்தார்.

"லிதியா, என் நண்பன் கையெழுத்துப் போட்டா ஆகாதா? மிராஃப்ளோரஸ்ல இருக்கான், ரொம்ப நல்ல மனுஷன்..."

"நான் உங்ககிட்டதானே வேலை பாத்தேன், அர்க்கி. நீங்கதான் போடணும்."

"யோசிச்சுக்கோ. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"போடுங்க."

போட்டார். கடைசி எழுத்து மேஜைவரை ஓடிவிட்டது. தலை குனிந்திருந்த அந்த மனுஷரைப் பார்த்து லிதியாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணமே காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கும்போது, பயிற்சிக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

கார்னிவல் லீவுக்காகக் காலேஜ் பாதி காலியாகியிருந்தது. வெளியே பையன்கள் தண்ணீர் பலூன் எறிந்துகொண்டிருந்தார்கள். லிதியா முதுகில் இரண்டு வாங்கினாள், காகிதத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிவிட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் தோன்யா ஓல்கா உட்கார்ந்திருந்தாள். கட்டடக்கலைப் பிரிவில் மூன்று தலைமுறை மாணவர்களை அந்த ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்ட அம்மா. கழுத்தில் அதற்குள் காகித மாலை, கையில் சூடான அப்பி பானம்.

"நனைஞ்சுட்டியேம்மா. மூடற நேரத்துல வர்றே. பயிற்சி முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, தோன்யா ஓல்கா." சொல்லும்போதே லிதியாவுக்குக் குரல் தழுதழுத்தது. இன்று சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சொல்லலாம். அம்மா கடையை மூடிவிட்டுத் தெருவெல்லாம் சொல்லுவாள்.

"அழாதே, முடிஞ்சா சந்தோஷப்படணும். எங்க பாத்தே?"

"அர்க்கிதெக்தோ ஹெர்னான் அர்சாபே ஆபீஸ்ல."

தோன்யா ஓல்கா காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்க் கையெழுத்தைப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நம்ம ஹெர்னான் பையனா! நல்லா இருக்கானா? அவனையும் எங்கயாவது ஒரு பயிற்சியை முடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லும்மா, அது வராம அவனுக்கு நாங்க எப்படி டிகிரி குடுக்கறது?"